மூச்சுக்கு யார் பொறுப்பு?

"மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை."

ஆபரேஷன் மேஜையில் குழந்தையைப் பறிகொடுத்த தகப்பனுக்குக் கிடைக்கும் விளக்கம் இந்த மூன்று வார்த்தைதான்.

நமக்குத் தெரிந்த பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு டான்சில் வளர்ந்து, தூக்கத்தில் மூச்சுத் திணறும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க மாதக் கணக்காகும் என்றார்கள். கடன் வாங்கி ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார். காலையில் கையசைத்துவிட்டு உள்ளே போன குழந்தை, பகலில் துணி சுற்றி வெளியே வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்று வார்த்தை பதில் வந்தது. வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். "என் குழந்தையின் விதி அவ்வளவுதான்" என்று இன்றும் சொல்கிறார்.

விதியா? இல்லை, தோழர்களே, இல்லவே இல்லை! இந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவற்றை வெளியே இழுத்துப் போடுவதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒத்துக்கொள்ளாதது எது?

மருந்தே உடம்புக்கு ஒவ்வாமல் போவது உண்டு. ஆனால் அது அபூர்வம். குழந்தைகளுக்கு மயக்கத்தில் நேரும் பெரிய கஷ்டங்களில் முதலிடம் மூச்சுக்குத்தான். ஐரோப்பாவில் 33 நாடுகளைச் சேர்ந்த 261 ஆஸ்பத்திரிகளில், முப்பதாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்து ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. 100-க்கு 5.2 தடவை கடுமையான ஆபத்து ஏதாவது ஒன்று வந்திருக்கிறது. மூச்சு சம்பந்தமான ஆபத்து மட்டும் 100-க்கு 3.1 தடவை. பணமும் கருவியும் உள்ள நாடுகளிலேயே இந்தக் கணக்கு!

ஏன் இப்படி? குழந்தை என்றால் சின்ன அளவில் ஒரு பெரிய மனிதன் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் உடம்பின் அமைப்பே வேறு. தலை பெரிது, மல்லாக்கப் படுக்க வைத்தால் கழுத்து மடங்கும். வாய்க்குள் நாக்கு பெரிது. மயக்கத்தில் தளர்ந்து பின்னால் சரிந்தால் வழியை அடைத்துவிடும். பிறந்த குழந்தையின் மூச்சுக் குழல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம். குழலின் உட்சுவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் போதும், காற்றுப் போகும் வழியில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது கால் பங்கு. பெரியவர்களின் குழலில் அதே வீக்கம் வந்தால் பெரும்பகுதி வழி திறந்தே இருக்கும்.

இதோடு இன்னொன்று. எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தை பெரியவரைப் போல் இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆனால் நுரையீரலில் அதற்கு இருக்கும் சேமிப்போ சொற்பம். நமது குடும்பம் மாதிரிதான்: செலவு அதிகம், கையிருப்பு இல்லை. முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்துத் தயார் செய்த ஆரோக்கியமான பெரியவர் மூச்சு நின்றால் பல நிமிஷம் தாக்குப் பிடிப்பார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ சுமார் ஒன்றரை நிமிஷத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். பிறகு இதயத் துடிப்பு மெதுவாகும். பிறகு நிற்கும்.

குரல்வளை திடீரென்று இறுக மூடிக்கொள்வது என்று ஒன்று உண்டு. மயக்கம் பாதியில் இருக்கும்போது ஒரு சொட்டு எச்சிலோ ரத்தமோ பட்டால் கதவு சாத்தியதுபோல் மூடிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இது அதிகம். அப்போது என்ன செய்ய வேண்டும்? வாயில் உள்ளதை உறிஞ்சி எடுத்து, தாடையை முன்னால் தூக்கி, மாஸ்க்கை இறுகப் பொருத்தி, முழு ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுக்க வேண்டும். திறக்கவில்லையானால் தசையைத் தளர்த்தும் மருந்தை உடனே ஏற்ற வேண்டும். தெரிந்த கை ஒன்று, உதவிக்கு இன்னொரு கை, பக்கத்தில் தயாராக மருந்து. இவ்வளவும் முதல் நிமிஷத்திலேயே நடக்க வேண்டும்.

ஆக, ஒத்துக்கொள்ளாதது மருந்தா? கை இல்லாதது, கருவி இல்லாதது, நேரம் இல்லாததுதான் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை!

பழைய சப்பைக்கட்டு

இந்தச் சப்பைக்கட்டு இன்று பிறந்ததல்ல. 1848 ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் ஒன்றை எடுக்கக் குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் இறந்துபோனாள். குளோரோபாரத்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுவே. மருந்தை அறிமுகம் செய்த எடின்பரோ டாக்டர் சிம்சன் என்ன சொன்னார்? மருந்து கொல்லவில்லை, மயங்கிக் கிடந்தவளின் வாயில் பிராந்தியும் தண்ணீரும் ஊற்றினார்கள், அது மூச்சை அடைத்துவிட்டது என்றார். இதயம் நின்றது என்றார்கள் வேறு சிலர். சர்ச்சை இன்றுவரை முடியவில்லை. ஆனால் கால் நகத்துக்காக மேஜையேறிய பெண் திரும்பி வரவில்லை என்பதில் சர்ச்சை இல்லை.

நம் நாட்டிலும் இந்தச் சர்ச்சை நடந்தது. 1888-லும் 1889-லும் ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர் நிஜாமின் பணத்தில் இரண்டு குளோரோபாரக் கமிஷன்களை நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தே இல்லை என்றார். அது பாதித் தவறு. குளோரோபாரம் இதயத்தையும் தாக்கும் என்பதை 1911-ல் லெவி என்பவர் காட்டினார். ஆனால் மீதிப் பாதி நிலைத்துவிட்டது: மயக்கம் கொடுப்பவன் கண் மூச்சைவிட்டு அகலக் கூடாது! இவ்வளவு காலத்துக்கு முன் ஹைதராபாத்தில் சொன்ன பாடத்தை இன்றைக்கும் "விதி" என்ற துணியால் மூடலாமா?

வழி தெரியும், வசதி எங்கே?

கண்ணுக்குத் துணையாகக் கருவிகளும் வந்துவிட்டன. 1974-ல் ஜப்பானில் டகுவோ அவோயாகி என்ற இஞ்சினீயர், உடம்பில் ஒளி பாய்ச்சி நாடித் துடிப்பை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காணும் வழியைக் கண்டுபிடித்தார். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். 2020-ல் கொரோனா வந்தபோது நம்மில் பலரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த வழிதான். உதடு நீலமாகும்வரை காத்திராமல் முன்னதாகவே எச்சரிக்கும். ஆனால் பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் கைக்குழந்தைக்குப் பொருந்தாது. குழந்தைக்கென்று தனியாக வேண்டும்.

இன்னொன்று காப்னோகிராஃப். வெளியே வரும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளந்து திரையில் கோடு போடும். மூச்சுக் குழலில் போக வேண்டிய டியூப் தவறி உணவுக் குழலில் போய்விட்டால் கோடு எழும்பாது. கோடு இல்லையென்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்று கொள் என, 2018-ல் பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் கல்லூரி தன் டாக்டர்களிடையே ஒரு பிரசாரமே நடத்தியது.

இருக்கிறதா இந்தக் கருவி எல்லோருக்கும்? 2010-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகத்தில் 77,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் தியேட்டர்களில் ஆக்சிமீட்டரே கிடையாது. அவை எங்கே இருக்கின்றன? லண்டனிலா, நியூயார்க்கிலா? ஏழை நாடுகளில், ஏழை ஜனங்கள் போகும் ஆஸ்பத்திரிகளில்! ஐந்நூறு கோடி பேருக்குப் பத்திரமான, கைக்கெட்டும் செலவிலான ஆபரேஷனும் மயக்க சிகிச்சையும் கிடைக்கவில்லை என்று 2015-ல் லான்செட் கமிஷன் அறிவித்தது.

"கருவிக்குப் பணம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். ஆனால் வாசலுக்குச் சலவைக்கல் பதிக்கவும், வரவேற்பு அறைக்குக் குளிர்சாதனம் பூட்டவும் பணம் எங்கிருந்து வந்தது?

"இதெல்லாம் ஆயிரத்தில் ஒன்று" என்பார்கள். நல்ல ஆளும் கருவியும் உள்ள இடத்தில் மயக்க மரணம் மிக மிக அபூர்வம் என்பது உண்மையே. ஆகவே ஆபரேஷன் என்றதும் பயந்து குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது அதைவிடப் பெரிய ஆபத்து. நாம் கேட்பது இதுதான்: அங்கே அபூர்வமாக்க முடிந்ததை இங்கே ஏன் முடியவில்லை?

பிரிட்டனைப் பாருங்கள். பல் பிடுங்கும் நாற்காலியிலேயே குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. சொத்தைப் பல்லுக்காகப் போன குழந்தைகள் சிலர் செத்தார்கள். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, கேள்வி கேட்டார்கள். 1998-ல் விதிகள் கடுமையாயின. 2001-ம் வருஷக் கடைசியோடு, ஆஸ்பத்திரிக்கு வெளியே பல்லுக்கு முழு மயக்கம் கொடுப்பதே நிறுத்தப்பட்டது. விதி என்று அழுதுகொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

தாயைப் பொய் சொல்ல வைத்தது யார்?

நமது பஞ்சாலைத் தொழிலாளியின் கதையில் ஒன்று பாக்கி. அந்தக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி, இருமல். தாய்க்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன்?

சளி பிடித்த குழந்தையின் மூச்சு வழி எரிச்சலோடு இருக்கும். சளி விட்ட பிறகும் சில வாரம் அப்படியே. தொட்டால் குரல்வளை மூடும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் 9,297 குழந்தைகளைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது: சளியும் இளைப்பும் ஆபத்தைக் கூட்டும், வீட்டில் புகை பிடிப்பவர் இருந்தாலும் கூடும், குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற மயக்க டாக்டர் இருந்தால் குறையும். பீடி பிடிக்கும் தோழர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

இது தெரிந்திருந்தால் தாய் சொல்லியிருப்பாளா? சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியுமே! "இன்னொரு நாள் வா" என்பார்கள். இரண்டு பேருக்கும் போன கூலி போனதுதான். பஸ் செலவு போனதுதான். மறுபடி லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். விவசாயக் கூலியென்றால் நடவு நாளில் வேலையே போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டாள். பசியில் அழுத குழந்தைக்கு ஒளித்து ஒரு வாய் பால் கொடுத்துவிட்டு, "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லும் தாயும் உண்டு. மயக்கத்தில் அந்தப் பால் எதுக்களித்து நுரையீரலில் இறங்கும்.

தாயைத் திட்டுவது சுலபம். உண்மை சொன்னால் இரண்டு நாள் கூலி தண்டம் என்று வைத்துவிட்டு, உண்மை சொல்லவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த நியாயம்? அவளிடம் ஒருவரும் உட்கார்ந்து கேட்கவுமில்லை. அன்று மயக்கம் கொடுத்த டாக்டர் வேறொரு நர்சிங் ஹோமிலிருந்து ஓடி வந்தவர். அடுத்ததற்கு ஓட வேண்டியவர். அவரும் ஓட்டத்தில் அகப்பட்டவர்தான். டாக்டரை அடிப்பதும் கண்ணாடியை உடைப்பதும் நம் வழியல்ல. அதனால் இன்னொரு குழந்தைக்கு மூச்சு வராது. ஓட வைத்து லாபம் எடுக்கும் முதலாளியையும், ஆள் போடாமல் இடத்தைக் காலியாக வைக்கும் சர்க்காரையும்தான் கேட்க வேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று: குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும் ஒவ்வொரு தியேட்டரிலும் குழந்தை அளவில் மாஸ்க், டியூப், ஆக்சிமீட்டர், காப்னோகிராஃப், உறிஞ்சும் கருவி, தடையில்லாத ஆக்சிஜன் இருக்க வேண்டும்.

இரண்டு: பயிற்சி பெற்ற மயக்க டாக்டரும் உதவியாளரும் ஆரம்பத்திலிருந்து இருக்க வேண்டும். குழந்தை கண் விழிக்கும்வரை பக்கத்தில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும்.

மூன்று: சளிக்காகத் தள்ளிப்போட்டால் மறு தேதி உறுதியாக வேண்டும், மறுபடி கட்டணம் கூடாது, பெற்றோருக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

நான்கு: மேஜையில் மரணம் நேர்ந்தால் விசாரணை வேண்டும், மயக்கக் குறிப்பின் நகல் பெற்றோர் கைக்கு வர வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. சளி, இளைப்பு, குறட்டை, ஆடும் பல், முன்பு மயக்கத்தில் வந்த கஷ்டம் எதையும் மறைக்காதீர்கள். சாதாரணமாகச் சாப்பாட்டுக்கும் ஆபரேஷனுக்கும் இடையே 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி இடைவெளி கேட்பார்கள். தண்ணீருக்கு இன்னும் குறைவு. உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதை மீறாதீர்கள், வீணாகக் குழந்தையைப் பட்டினியும் போடாதீர்கள்.

இனி எவராவது அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால், நாம் மூன்று கேள்வி கேட்போம். குழந்தையின் ஆக்சிஜன் அளவு எப்போது இறங்கியது? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்? அவர் கையில் என்ன கருவி இருந்தது?

பதில் வரும்வரை நகரக் கூடாது!