ஏழாம் மாதம் கேளுங்கள்

டோர்செட் பார்க் பகுதியிலிருந்து ஏஜென்சி வழியாகத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தமிழர் பலர், ஆண்டுகள் கடந்தும் நிரந்தர வேலை கேட்கத் தயங்குகின்றனர். கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற அச்சமே காரணம்.

ஒன்ராறியோவில் 2009 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தை அவர்கள் அறிய வேண்டும். ஒருவரை நேரடியாகப் பணியிலமர்த்தும் நிறுவனத்திடம், அவர் அங்கு வேலை தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள் மட்டுமே ஏஜென்சி கட்டணம் கேட்கலாம். தொழிலாளியிடம் ஒருபோதும் கேட்க இயலாது. எனவே ஏழாம் மாதமே மேலாளரிடம் பேச உகந்த காலம்.

தவறாது வேலைக்கு வந்த நாட்கள், இயக்கத் தெரிந்த இயந்திரங்கள், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் செல்லுங்கள். இளையோரே, அத்தாளைப் பெற்றோருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். உரையாடலை ஒத்திகை பாருங்கள். நிரந்தரம் தரும்படி முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆயினும் வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.