'ஆம்' என்று சொல்லுமுன்

சென்ற ஆடி மாதத்தில், மலைமேல் மழையும் கீழே பேய்க்காற்றுமாக இருந்த ஒரு மாலையில், போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் கடந்து முதியவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். உடும்பன்சோலைப் பக்கம் சிறியதோர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். கையில் மஞ்சள் பை. அதனுள் துண்டில் சுற்றிய சிறு கறுப்புப் பெட்டி. கணிப்பொறியுடன் வெளியிலிருந்து இணைக்கும் ஹார்டு டிஸ்க் அது.

உடன் வந்த பேரன், "இதைப் பார்மட் செய்யலாமா என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. செய்தால் சரியாகிவிடும் என்றேன். தாத்தாதான் விடமாட்டேன் என்கிறார்" என்றான்.

"சாமி, அதிலேதான் என் வீட்டுக்காரி பேசியது இருக்கிறது" என்றார் முதியவர். வேறொன்றும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குமுன் மறைந்த அவருடைய மனைவி, பேத்தியின் காதுகுத்து விழாவில் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பந்தியில் அமர்த்திய காட்சி அதில் பதிவாகியிருந்தது. தோட்டத்துப் பத்திரங்களின் நகல்களும், போடி ஏல மையத்தில் காய் விற்ற கணக்குகளும் அதிலேயே இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. பேரன்மீது குற்றமில்லை. திரையில் வரும் கேள்வி அவ்வளவு சாதாரணமாகத் தோன்றுகிறது! இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருப்பதால், அன்று நாம் செய்தவற்றை இங்கே வரிசையாகக் கூற விரும்புகிறோம்.

முதலில், அப்பெட்டிக்குள் இருப்பது யாது? கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத்தகடுகள் நிமிடத்திற்குப் பெரும்பாலும் 5,400 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், எழுதவும் படிக்கவும் வல்ல சிறு முனைகள் மிதக்கின்றன. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்டு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அது சில வேளை போதாது. இன்றைய பெட்டி உள்ளங்கையில் அடங்குகிறது. ஆயினும் அது சுழலும் எந்திரமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கையில் கீழே விழுந்தால், அந்த முனைகள் தகட்டைக் கீறிவிடும்.

இத்தகைய பெட்டியின் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: செல்லும் வழியில், உள்ளிருக்கும் அட்டவணையில், அல்லது எந்திரத்தின் உடலில். ஆராயுமுன் காதால் கேட்க வேண்டும். 'டிக், டிக்' என்று விட்டுவிட்டு ஓசை வந்தாலோ, கரகரவென்று உராயும் ஒலி கேட்டாலோ, உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். அது உடல் நோய். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் தகடு மேலும் சேதமாகலாம். தூசியற்ற அறையும் தக்க கருவிகளும் உடைய தரவு மீட்பாளரிடமே அதனைக் கொடுக்கவேண்டும், செலவு மிகுதியாகலாம். மேசைமேல் வைத்துத் திறந்து பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்று சிலர் கூறுவதையும் நம்ப வேண்டாம். உள்ளே நீர் படிந்து, எஞ்சியதும் கெடும்.

முதியவரின் பெட்டியில் அத்தகைய ஓசை இல்லை. ஆகவே வழியைச் சோதித்தோம். சிறிய பெட்டிகளுக்குத் தனி மின்னிணைப்பு கிடையாது. கேபிள் வழியாகவே மின்சாரமும் செல்கிறது. பழைய யு.எஸ்.பி. 2 துளை 500 மில்லி ஆம்பியரும், யு.எஸ்.பி. 3 துளை 900 மில்லி ஆம்பியரும் அளிக்கும். முன்பக்கத் துளையிலோ, பல கிளைகளாகப் பிரியும் ஹப்பிலோ செருகினால், சுழல்வதற்கு வேண்டிய மின்சாரம் சில வேளை கிடைப்பதில்லை. கேபிள் நைந்திருந்தாலும் இதே கதிதான். அப்போது கணிப்பொறி பெட்டியைச் சரிவரப் படிக்க இயலாமல், 'பார்மட் செய்யலாமா?' என்று கேட்டுவிடும்.

குற்றம் அட்டவணையிலும் இருக்கலாம். எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் குறிப்பு டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றாலும், 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளை தராமல் கேபிளைப் பிடுங்கினாலும், அக்குறிப்பு குலையும். மலைப்பகுதியில் இடியும் மின்வெட்டும் புதியனவல்லவே! பெட்டி கண்ணுக்கே புலப்படாவிட்டால், விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' பகுதியைத் திறந்து பாருங்கள். பகுதியும் அதன் அமைப்பும் சரியாகத் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லாதிருந்தால், ஓர் எழுத்தை ஒதுக்கினாலே போதும்.

பார்மட் செய்வதோ வேறு காரியம். விரைவு முறை பழைய அட்டவணையை நீக்கிப் புதியதை எழுதும். முழு முறையோ, விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின்வந்தவற்றில், டிஸ்க் முழுவதும் சுழியங்களை நிரப்பிவிடும். பின்னதற்குப்பின் மீட்பு என்ற பேச்சே இல்லை. எனவே கேள்வி எத்தனை முறை வந்தாலும் விடை ஒன்றே: 'வேண்டாம்'.

நாம் வேறு கேபிளை எடுத்துப் பின்பக்கத் துளையில் இணைத்தோம். சற்று நேரம் சென்று, பெட்டியின் பெயரும் உள்ளடைவுகளும் திரையில் தோன்றின. பேரன் மகிழ்ந்து, பழுது பார்க்கும் 'செக் டிஸ்க்' கட்டளையை உடனே இயக்க முனைந்தான். தடுத்தோம். அது அட்டவணையைத் திருத்தி எழுதும் கருவி; நலிந்த டிஸ்க்கில் அதனை முதலில் ஓட்டினால், இருப்பதும் சிதையக்கூடும். முதலில் நகல், பிறகே பழுது பார்த்தல்.

நகலெடுப்பதிலும் வரிசை உண்டு. மொத்தமாக இழுத்துப் போடாமல், ஈடு செய்ய முடியாதவற்றை முதலில் எடுக்கவேண்டும். காதுகுத்து விழாவின் காணொளியை எடுத்தோம், பிழையின்றி வந்தது. பிறகு பத்திரங்கள், பிறகு கணக்குகள். படங்களை எடுக்கையில் சில இடங்களில் 'படிக்க இயலவில்லை' என்னும் பிழை தோன்றியது. ஏறத்தாழ நாற்பது படங்கள் வரவேயில்லை. டிஸ்க் நலியத் தொடங்கிவிட்டதற்கு அதுவே சான்று. அதனை இனி நம்பலாகாது என்று முதியவரிடம் ஒளிக்காமல் கூறினோம்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் அந்த அம்மையார், "எந்திரிக்காதீங்க, இன்னும் பாயசம் வரலை" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். முதியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பேரன் எதுவும் பேசாமல் ஒலியைச் சற்றுக் கூட்டினான்.

அன்பு வாசகர்களே, விளைந்த காய் முழுவதையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒழுகும் கூரையின்கீழ் வைக்கும் விவசாயி உண்டா? குடும்பத்தின் நினைவுகளை மட்டும் ஏன் அவ்வாறு வைக்கிறோம்? அறிந்தோர் கூறும் விதி எளியது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் நலம். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததே. மலைக்குளிரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே இணைக்காமல், அறையின் வெப்பத்திற்கு அது வரும்வரை ஓரிரு மணி நேரம் பொறுத்திருங்கள். ஜீப்பில் கொண்டுசெல்வதாயின், முறையாக அகற்றி, சுழற்சி நின்றபின் பொதிந்து செல்லுங்கள்.

முதியவர் இப்போது புதிய பெட்டிகள் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று தோட்டத்து வீட்டில். மற்றொன்று தேனியில் மகளிடம். காதுகுத்துக் காணொளியும் பத்திரங்களும் பேரனின் கைபேசியிலும் உள்ளன. இவ்வேற்பாட்டுக்கு ஆன செலவு, ஏலக்காய் சில கிலோ விற்ற பணமே. இவ்விதழை மூடி வைக்குமுன், உங்கள் வீட்டு அலமாரியிலுள்ள பெட்டியை எடுத்துப் பாருங்கள். அதிலிருப்பவற்றுக்கு வேறு பிரதி உண்டா? இல்லையெனில், இன்று மாலையே ஒன்று எடுத்து வையுங்கள்.