பலகையா, பல கையா?

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நண்பர் ஒருவரின் லயத்து வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. தொலைக்காட்சிப் படம் முதலில் சதுரஞ் சதுரமாக உடைந்தது; பிறகு அடங்கியே போயிற்று. "மழை வந்தா டீவிக்கும் லீவுதாங்க" என்றார் வீட்டு அம்மையார், தேநீரை நீட்டியவாறே. உயர்தர வகுப்பில் பயிலும் அவர் மகன் மட்டும் விடுவதாக இல்லை. "பிழை வந்தா தானே திருத்திக்கும்னு சொல்றாங்களே சார், அப்புறம் ஏன் இந்தப் பெட்டி இப்படித் தடுமாறுது?"

டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்றிமீற்றர். கனத்த மழைத் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பக்கத்தாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாடகம் தடைப்படுவதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததைக் கேகாலை மாவட்டம் மறக்கவில்லை. உள்ளூர்ச் செய்தியும் டிஷ் வழியே வரும் வீடுகளில், எச்சரிக்கை வேண்டிய வேளையிலேயே செய்தி அறுந்து போகிறது.

வானிலிருந்து வருவது படமன்று. 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களின் ஓயாத ஓட்டம். எட்டு இலக்கம் சேர்ந்தது ஒரு பைட். டி.வி.பி.-எஸ் எனப்படும் முறையில் 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொதியுடனும் 16 காவல் பைட்டுகளைச் சேர்த்து, 204 ஆக்கி அனுப்புகின்றனர். றீட், சொலமன் என்னும் அமெரிக்கர் இருவர் 1960இல் வெளியிட்ட கணிதம் இதற்கு அடிப்படை. அந்த 204இல் எந்த எட்டுப் பைட்டுகள் பழுதானாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் பொதி எங்கே தொடங்குகிறதென்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஓரிலக்கம் தள்ளி வெட்டிவிட்டால், பழுதே படாத செய்தியும் முழுப் பழுதாகவே தோன்றும்.

நன்னூல் படித்த மாணவருக்கு இது புதிதன்று. 'பலகை' ஒரு பொதுமொழி. சேர்த்துப் படித்தால் மரப்பலகை. பிரித்தால் பல கைகள். இடைவெளியின்றி எழுதிய ஏட்டுச்சுவடியைப் புலவர் பொருளறிந்து பிரித்தார். பாவம், பெட்டிக்குப் பொருள் தெரியாதே!

ஆகவே பெரும்பாலான பொதிகளின் தலையிலும் 71 என்னும் எண்ணை அடையாளமாக இட்டு அனுப்புகின்றனர், இலக்கத்தில் 01000111. அதைத் தேடிப் பிடித்தால் போதுமே எனலாம். போதாது. ஒரு பொதியில் 1,632 இலக்கங்கள் உள்ளன. எட்டிலக்கக் கோலம் ஒன்று தற்செயலாய் அமைய 256இல் ஒரு வாய்ப்பு. எனவே பொதிக்கு ஆறு போலி அடையாளங்களாவது எதிர்ப்படும். ஒவ்வொன்றையும் முழுக் கணக்கிட்டுச் சோதிப்பது வீண் உழைப்பு. பெட்டி செய்வது வேறு: ஐயத்துக்குரிய இடத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக 204 பைட் தள்ளி மறுபடியும் 71 நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. போலி அங்கும் நிற்க 256இல் ஒரு வாய்ப்பு. அதற்கடுத்த பொதியிலும் நிற்க 65,536இல் ஒன்று. மெய்யான எல்லை மட்டுமே நிலைக்கும். பெருங்கணக்கு அதன் பின்னரே.

அடையாளமே இடாமல் எல்லை காணும் முறையும் உண்டு. 1990களில் தொலைபேசி வலைகளில் பரவிய ஏ.டி.எம். முறை அது. (வங்கியில் பணம் தரும் பெட்டி அன்று!) அதன் பொதி 53 பைட், முதல் நான்கு பைட்டுகளுக்கான சரிபார்ப்பே ஐந்தாவது பைட். எந்த இடத்தில் வெட்டினால் இக்கணக்கு ஒத்துவருகிறதோ அதுவே தலை என்று கொள்ளலாம். ஓரிலக்கம் நகரும்போதெல்லாம் நாற்பது இலக்கத்தையும் புதிதாய்க் கணக்கிட வேண்டுமா? வேண்டாம். கடந்த ஏழு நாட்களில் பறித்த கொழுந்தின் மொத்த நிறையை நாள்தோறும் அறிய விரும்பும் கணக்கப்பிள்ளை, ஏழு நாளையும் மீண்டும் கூட்டுவதில்லை. நேற்றைய மொத்தத்தில் பழைய நாளைக் கழித்து, இன்றையதைச் சேர்ப்பார். இங்கும் அதே தந்திரந்தான்: வெளியேறும் இலக்கத்தின் பங்கை நீக்கி, நுழையும் இலக்கத்தின் பங்கைச் சேர்த்தால் முடிந்தது.

இதற்கான நியமமொன்றில் நமக்குப் பிடித்த விதி ஒன்றுண்டு. தொடர்ந்து 6 முறை ஒத்துவந்தாலே எல்லையை நம்ப வேண்டும். நம்பியபின், தொடர்ந்து 7 முறை தவறினால்தான் கைவிட வேண்டும். டிஷ் பெட்டியும் இவ்வாறே அமைய வேண்டும். மழையில் ஓரடையாளம் அழிந்தவுடன் எல்லையைக் கைவிடும் பெட்டி, தேடுவதும் இழப்பதுமாகவே பொழுதைக் கழிக்கும். பொறுமையுள்ளது, கண்காணாத அடையாளத்தின் இடத்தையும் எண்ணிக்கொண்டே சென்று, அலை தெளிந்தவுடன் விட்ட இடத்தில் தொடரும்.

மழை தணிந்தது. படம் திரும்பச் சில விநாடிகள் ஆயின. விநாடிக்குப் பல்லாயிரம் பொதிகள் வருவதால், எல்லை தேடியதற்கு ஆன நேரம் அதில் மிகச் சொற்பம். அலையைப் பிடிக்கவும், படத்தின் முழுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவுமே மீதி சென்றது என்றோம்.

"முழுச் சட்டம்னா என்னங்க சார்?" என்றான் பையன். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.