வெயில் எட்டாத வீட்டில் வெந்தயக் கீரை

"பால்கனியில் வெயிலே விழுவதில்லை. தொட்டியில் விதைத்த கீரை நூல் மாதிரி நீண்டு சாய்ந்து விடுகிறதே, என்ன செய்ய?" அடுக்கு மாடி வீட்டுச் சகோதரிகள் பலர் கேட்கிற கேள்வி இது.

வெளிச்சம் போதாத செடி அப்படித்தான் கழுத்தை நீட்டும். எல்.இ.டி. விளக்கு போட்டால் சரியாகும், வீட்டிலேயே அமைக்கலாம். ஆனால் சிக்கனத்துக்காக இதில் இறங்க வேண்டாம். கடையில் ஒரு கட்டு வாங்குவதுதான் மலிவு! கீரையைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, தானே பறித்தது என்றால் ஒரு வாயாவது வாங்கிக் கொள்ளும். அதற்காகச் செய்யலாம்.

"ஊதா விளக்குதானே வாங்கணும்?" என்று என் தோழி கேட்டாள். வேண்டாம், கண்தான் கூசும். செடிக்குச் சிவப்பும் நீலமும் முக்கியம் என்பது வாஸ்தவம். ஆனால் வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல விளக்கின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். சிவப்பும் அதில் கலந்தே வரும். அந்த நீல விளக்குக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

இனி மின்சாரம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. 230 வோல்ட் பிளக் பாயிண்ட்டோடு நின்றுவிட வேண்டும். தண்ணீர் தெளிக்கிற இடம், தவழ்கிற குழந்தை வயரைப் பிடித்து இழுக்கிற இடம் அல்லவா? அதனால் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும், பி.ஐ.எஸ். முத்திரையுள்ள 12 வோல்ட் டி.சி. அடாப்டரும் வாங்குங்கள். ஹோல்டர், பல்பு என்று நேர் மின்சாரத்தைச் செடிப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

எத்தனை ஆம்பியர்? மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 ரக ஸ்ட்ரிப், மீட்டருக்குச் சுமார் 14 வாட் இழுக்கும். ஒரு தட்டுக் கீரைக்கு இரண்டு மீட்டர், அதாவது 28 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். "2 ஆம்பியரே போதும்மா" என்பார் கடைக்காரர். கேட்காதீர்கள், அடாப்டர் கொதிக்கும். 3 ஆம்பியரே வாங்குங்கள்.

கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் மட்டும் வெட்டி, அரை மீட்டர் துண்டு நான்கு எடுங்கள். ஒரு அலுமினியத் தகட்டில் வரிசையாக ஒட்டினால் சூடு தகட்டில் இறங்கிவிடும். எல்லாத் துண்டின் பிளஸ்ஸும் அடாப்டரின் பிளஸ்ஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் எரியாது, அவ்வளவுதான். சால்டரிங் வராதவர்களுக்குக் கிளிப் கனெக்டர் கிடைக்கிறது. இணைப்புகளில் செம்பு வெளியே தெரியாமல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

செடிக்கு ஒரு சாண் மேலே தகட்டைத் தொங்க விடுங்கள். தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். ராத்திரி செடியும் தூங்க வேண்டாமா? மாதம் ஏறக்குறைய 12 யூனிட் ஆகும்.

அடாப்டர் தொட்டியைவிட உயரத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வயர் கொஞ்சம் கீழே தொய்ந்து பிறகு மேலே ஏறினால், வழிகிற தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஈரமில்லாத கையால் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, அடாப்டரை மாற்றுங்கள்.