இசிஜி சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் நான். வியர்த்து விறுவிறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், செத்துடுவேன் போல இருக்கு" என்று வருபவர்களில் சிலருக்கு இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கும். "வாயுதான், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறோம். சில நாளில் அதே ஆள், அதே பயத்தோடு மறுபடி வந்து நிற்கிறார்.

இது நடிப்பல்ல, பேனிக் அட்டாக். ஆபத்து இல்லாதபோதே உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. மூச்சு வேகமாகி ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானே தணியும்.

தேர்வு நேரத்தில் வந்த ஒரு மாணவியின் விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகியிருந்தன. ஊசி போடச் சொல்லி அவள் அப்பா சத்தம் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே தண்ணீர் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

முதல்முறை நெஞ்சு வலித்தால் நீங்களே பதற்றம் என்று முடிவுகட்டாமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததோடு எங்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் பேனிக் அட்டாக்குக்கு நல்ல பலன் தரும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே மனநலப் புறநோயாளர் பிரிவுக்குப் பரிந்துரையும், இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ம் எழுதித் தர வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.