தகவலாளிக்குப் பெயர் உண்டு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு: தகவலாளிகள். குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில், வரப்பிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து நான் பதிவுசெய்த நடவுப் பாடல்களுக்கும் விதை பற்றிய பேச்சுக்கும் உரியவர்கள் அவர்கள். 'பெண், வயது 60, விவசாயக் கூலி' என்றே பட்டியல் போகும். பெயர் கிடையாது. நான் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி யாரும் என்னைத் திருப்பி அனுப்பவுமில்லை. பட்டம் வந்தது, வேலை வந்தது, மாதாமாதம் சம்பளமும் வருகிறது. ஆகவே குற்றச்சாட்டை என்மீதே வைத்துத் தொடங்குகிறேன்.

அவர்கள் தந்தது லேசானதல்ல. விதைநெல் காய்ந்துவிட்டதா என்பதைப் பல்லில் கடித்து, அது முறியும் சத்தத்தில் சொல்வார்கள். விளைந்த வயலில் கலப்புக் கதிர் எதுவென்று வரப்பில் நின்றபடியே காட்டுவார்கள். குதிரில் வண்டு விழாமலிருக்க நொச்சி இலை போடும் பக்குவம் அறிந்தவர்கள். இன்று மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பளபளப்பான பைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. பைமேல் விற்பவர் பெயர் இருக்கிறது. விதையைத் தப்பவிடாமல் வைத்திருந்தவள் பெயர் எங்கே?

அறிவைத் திரட்டவும் காக்கவும் பகிரவும் ஒரு தனித்துறையே இருக்கிறது: அறிவு மேலாண்மை. நிறுவனங்கள் அந்த அறிவை மூலதனம் என்கின்றன. ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நோனாகா 1991-இல் எழுதிய கட்டுரை அத்துறையின் பாலபாடம். ரொட்டி இயந்திரம் செய்ய முயன்ற மட்சுஷிட்டா நிறுவனத்துக்கு மாவு பிசையும் பக்குவம் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாகாவில் ஓர் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்க் கற்றுவந்தார். இயந்திரம் வெற்றி பெற்றது. கட்டுரையில் தனாகாவுக்குப் பெயர் உண்டு, ரொட்டிக்காரருக்கு இல்லை. கற்றுக்கொண்டவர் பெண் என்பதால் மட்டும் கற்றுக்கொடுத்தவரின் பெயர் ஏட்டில் ஏறிவிடாது. படித்த பெண்களாகிய நமக்கு இது உறைக்க வேண்டும்.

2018-இல் இத்துறைக்கு ஐஎஸ்ஓ 30401 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. அறிவு என்பது மனிதரின் அல்லது நிறுவனத்தின் சொத்து என்கிறது அதன் வரையறை. என் சண்டை அந்த 'அல்லது'வோடுதான். இரண்டில் யாருடையது என்று தீர்ப்பவர் யார்? பேனா பிடித்தவர்தான்.

இதில் நம் நாட்டுச் சட்டம் நம்மைவிட முன்னால் நிற்கிறது. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, பாரம்பரிய ரகத்தைப் பேணுபவரையும், தேர்ந்தெடுத்து அதன் குணத்தை அடையாளம் காண்பவரையும் விவசாயி என்றே சொல்கிறது. அதற்குப் பட்டா தேவையில்லை. அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயியான பெண்ணைத்தான் நான் 'கூலி' என்று எழுதினேன்.

'அது ஊர்ப் பொதுச் சொத்து, ஒருத்திக்கு உரியதல்ல' என்பார்கள். பொதுச் சொத்து என்றால் அட்டையில் தொகுப்பாசிரியர் பெயர் மட்டும் எதற்கு? குடவாயிற் கீரத்தனார் என்ற சங்கப் புலவரை இன்றும் நமக்குத் தெரிகிறது. பாட்டோடு பெயரையும் சேர்த்து எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

மருத்துவருக்கும் தணிக்கையாளருக்கும் தொழில்நெறி உண்டு. மீறினால் பதிவு போகும். அறிவு சேகரிப்பவருக்கும் அப்படியொன்று வேண்டும். எதற்காகப் பதிவுசெய்கிறோம் என்பதை முதலில் அவளுக்குப் புரியும் தமிழில் சொல். பெயரைக் கேள், அவள் சம்மதித்தால் எழுது. அவள் உட்கார்ந்து பேசிய நேரத்துக்குக் கூலி கொடு. எழுதியதைத் திரும்பப் போய் வாசித்துக் காட்டு. வருமானம் வந்தால் பங்கு கொடு. வேண்டாம் என்றால் அழித்துவிடு. இவை இல்லாத ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போடாதே.

சென்ற ஆண்டு அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனேன். பலர் இல்லை. ஒருவர் இருந்தார். பெயரைப் போடட்டுமா என்றேன். "இத்தன வருசமா கேக்கல, இப்ப என்னத்துக்கும்மா? வேணாம்" என்றார்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததற்கு அவருடைய மறுப்பு காரணம். என் ஆய்வேட்டில் இல்லாததற்கு நான் காரணம். ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்படும் மாணவிகளே, இந்த இரண்டும் ஒன்றல்ல.