பழைய அட்டையைக் கைவிடுமுன்



நம் புதுவைக் கடற்கரைச் சாலையில், காந்தியடிகளின் சிலைக்கு அருகே, 1938ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். முதல் உலகப் போரில் மாண்ட இம்மண்ணின் மைந்தர்களை நினைவுகூர எழுந்தது அது. வேறெந்த ஊரிலும் எளிதில் காணவியலாத காட்சியொன்று நம் ஊரில் உண்டு. ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், பெரியப்பா பிரெஞ்சுக் கொடியின்கீழ் இந்தோசீனத்திலோ அல்ஜீரியாவிலோ பணிபுரிந்த 'சொல்தா'வாக இருப்பார். சிற்றப்பாவோ இந்தியக் கொடியின்கீழ் எல்லையைக் காத்த சிப்பாயாக இருப்பார். கொடிகள் வேறாயினும் முதுமை ஒன்றே. ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்திய கைகளில் இன்று இருப்பது மாத்திரைப் பொட்டலமும் மருத்துவ அட்டையுமே.

அந்த அட்டையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, நம் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 1985இல் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் மனைவியோடும் மகனோடும் என்னைக் காண வந்தார். பெரியவருக்கு 77 வயது; அம்மாவுக்கு 68. இருவருக்கும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம். பெரியவருக்கு இருதயத்திலும் கோளாறு உண்டு. மகன் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு மிகுந்த ஆர்வத்தோடு பேசினார்.

"சாமி, எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஐந்து இலட்ச ரூபாய் மருத்துவ அட்டை அரசாங்கம் கொடுக்கிறது. அப்பாவுக்குப் பதிவு செய்யலாமென்றால், பட்டாளத்து மருத்துவ அட்டை இருக்கிறதா என்று கேட்கிறது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமாம். பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்கிவிடலாமென்று நான் சொல்கிறேன். அப்பா தயங்குகிறார்."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அதுவரை வாய் திறவாதிருந்த அம்மாதான் மெதுவாகக் கேட்டார்: "புது அட்டை வந்தால் எனக்கு மாத்திரை எங்கே வாங்குவது, சாமி?"

அந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் அடங்கியிருந்தது. மகன் எண்ணிப் பார்க்காததைத் தாய் எண்ணிப் பார்த்தார். அதனை விளங்கிக்கொள்ள, இரண்டு அட்டைகளின் வரலாற்றையும் இயல்பையும் நாம் சற்று அறிதல் வேண்டும்.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது 'இ.சி.எச்.எஸ்.' என்று நாம் சுருங்க அழைப்பது, 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் ஓய்வு பெற்ற வீரர்கள் பெரும்பாலும் இராணுவ மருத்துவமனைகளையே நம்பியிருந்தனர். நம் ஊர்க்காரர் சென்னை வரை செல்ல வேண்டும். பணியிலிருக்கும் வீரர்களைக் கவனித்த பின்னரே ஓய்வு பெற்றோர்க்கு இடம். அந்தக் குறையைப் போக்கவே இத்திட்டம் பிறந்தது. ஓய்வூதியம் பெறும் வீரர், தம் பதவிக்கேற்ப ஒரே ஒரு முறை பணம் கட்டி உறுப்பினராகிறார். 1996ஆம் ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பணத்தையும் கட்ட வேண்டுவதில்லை. நம் ஹவில்தாரும் அவ்வாறே சேர்ந்தவர்.

இத்திட்டத்தில் நோயாளி முதலில் செல்ல வேண்டிய இடம் பாலிகிளினிக் எனப்படும் அதன் மருத்துவ நிலையம். அங்கேயே மருத்துவர் பார்ப்பார்; அன்றாட மருந்துகளும் அங்கேயே வழங்கப்படும். பெரிய சிகிச்சை தேவையானால், அங்கிருந்து பரிந்துரைச் சீட்டுப் பெற்று, திட்டத்தோடு இணைக்கப்பட்ட மருத்துவமனைக்குச் செல்லலாம். பணம் கட்ட வேண்டுவதில்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சீட்டின்றியே அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பாலிகிளினிக்கிற்கு 48 மணி நேரத்திற்குள் தெரிவித்துவிட வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உரிமை வீரரோடு நின்றுவிடுவதில்லை. மனைவிக்கு உண்டு, விதிகளுக்கு உட்பட்டு, சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் குறைந்த வருவாயுள்ள பெற்றோருக்கும் உண்டு. மனைவியின் வயது ஐம்பதா அறுபதா என்று எவரும் கேட்பதில்லை.

இனி, புதிய அட்டை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நாட்டில் தொடங்கியபோது, அது ஏழைக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அதன் கதவு அகலத் திறக்கப்பட்டது. 70 வயது நிரம்பிய எவரும், ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி, ஆதார் அட்டையைக் கொண்டு பதிந்து, 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்னும் அட்டையைப் பெறலாம். ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் நாடெங்கும் சிகிச்சை பெறலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பயன் உண்டு. இது போற்றத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் முதியவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காலத்தில், 'உனக்கு வயதாகிவிட்டது, ஆகவே வா' என்று அழைக்கும் காப்பீடு இது.

எனினும் அதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான அட்டை. சேர்வதற்கு முந்தைய சில நாள் சோதனைகளும், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் மருந்தும் அதில் அடங்கும். ஆனால் மாதந்தோறும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும், புறநோயாளியாக மருத்துவரைக் காண்பதற்கும் அதில் இடமில்லை. கணவனும் மனைவியும் இருவருமே 70 கடந்தவராயின், அந்த ஐந்து இலட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 70 நிரம்பாத மனைவிக்கு அதில் பங்கே இல்லை.

இப்போது அந்த அம்மாவின் கேள்வி உங்களுக்கு விளங்கியிருக்கும். மகன் சொன்னபடி செய்திருந்தால், பெரியவர் தம் அன்றாட மருந்தை இழந்து, ஐந்து இலட்சம் என்னும் வரம்புக்குள் வந்திருப்பார். 68 வயது அம்மாவுக்கோ புதிய அட்டையில் இன்னும் ஈராண்டுகள் இடமில்லை. பழைய அட்டையில் அவருக்குள்ள இடமோ கணவரின் உறுப்பினர் உரிமையைச் சார்ந்து நிற்பது. ஐந்து இலட்சம் என்ற பெரிய எண் மகனின் கண்ணை மறைத்தது. அவர் மீது குற்றமில்லை. தந்தைக்கு நல்லது செய்யவே விரும்பினார்.

"இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டும் அரசின் பணத்தில் இயங்குபவை; ஒரே நோய்க்கு இரண்டு பைகளிலிருந்து பணம் போய்விடலாகாது என்பது அரசின் கருத்து. ஆகவே இ.சி.எச்.எஸ். உறுப்பினரும், மத்திய அரசு ஊழியர்க்கான சி.ஜி.எச்.எஸ். உறுப்பினரும் 70 வயதில் ஏதாவதொன்றையே தெரிந்தெடுக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். அத்தெரிவும் ஒருமுறை செய்வதே. நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆனால் தனியார் காப்பீடு வைத்திருப்போர்க்கும், தொழிலாளர் ஈட்டுறுதியான ஈ.எஸ்.ஐ. பெறுவோர்க்கும் இத்தடை இல்லை. அவர்கள் அதனையும் வைத்துக்கொண்டு இதனையும் பெறலாம்.

இரண்டையும் இணைத்தல் இயலாத காரியமா? அன்று. பிற நாடுகள் சில அதனைச் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் 65 வயது நிரம்பியோர்க்கு மெடிக்கேர் என்னும் பொதுக் காப்பீடு உண்டு. இராணுவத்தில் முழுப்பணி புரிந்து ஓய்வு பெற்றவர்க்கு, 2001ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 'டிரைகேர் ஃபார் லைஃப்' என்னும் திட்டம் அதனோடு இணைக்கப்பட்டது. முதலில் மெடிக்கேர் பணம் கொடுக்கும். எஞ்சியதைப் படைவீரர் திட்டம் ஏற்கும். எது முந்தி, எது பிந்தி என்று சட்டமே வகுத்துவிட்டதால் இரட்டைச் செலவுக்கு இடமில்லாது போயிற்று. ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. மெடிக்கேரின் ஒரு பகுதிக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். கட்டத் தவறினால் இரண்டாவது திட்டமும் கைவிட்டுப் போகும். பிரான்சிலோ 1919ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் சட்டம், போரில் உடல் ஊனமுற்றோர்க்கு ஓய்வூதியத்தையும், அந்தக் காயத்திற்கான இலவசச் சிகிச்சையையும் உரிமையாக்கிற்று. காயத்திற்கு அரசு, பிற நோய்க்கு எல்லாக் குடிமக்களுக்கும் உரிய சமூகப் பாதுகாப்பு என்று இரண்டும் அருகருகே இயங்குகின்றன.

இந்த ஏற்பாடுகளின் பின்னால் ஒரு நீதி இருக்கிறது. படைவீரனுக்கு நாடு அளிக்கும் மருத்துவம் கடன். அவன் முன்பே தன் உழைப்பால் விலை கொடுத்துவிட்டான். முதியோர்க்குச் சமுதாயம் அளிக்கும் மருத்துவம் அறம். வயதொன்றே அதற்குத் தகுதி. கடனைத் தீர்த்துவிட்டேன் என்பதற்காக அறத்தை மறுப்பதும், அறம் செய்கிறேன் என்பதற்காகக் கடனைக் கைவிடச் சொல்வதும் முற்றிலும் பொருந்துவன அல்ல. பாலிகிளினிக் மருந்தையும் வைத்துக்கொண்டு, இணைந்த மருத்துவமனை அருகில் இல்லாதபோது புதிய அட்டையையும் பயன்படுத்த வழி வகுத்தால், சிற்றூர்களில் வாழும் முன்னாள் வீரர்க்குப் பெரிதும் உதவும். முன்னாள் படைவீரர் சங்கங்கள் இதனை முறையாக அரசுக்கு எடுத்துரைக்கலாம். ஆனால் விதி மாறும் வரை, உள்ள விதிக்குள் அறிவோடு நடப்பதே குடும்பங்களின் கடமை.

அன்று மாலை அக்குடும்பத்தோடு அம்மாவின் அண்ணனும் வந்திருந்தார், 73 வயது. அவரும் பட்டாளத்தில் சேர்ந்தவரே. ஆனால் தாயின் நோய் காரணமாக ஆறே ஆண்டுகளில் விலகி வந்துவிட்டார். ஓய்வூதியம் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. "பட்டாளத்தில் இருந்தவனுக்கு இந்தப் புது அட்டை கிடையாது என்று நினைத்து நான் கேட்கவே இல்லை, சாமி" என்றார். எவ்வளவு பெரிய தவறான எண்ணம்! இழப்பதற்கு அவரிடம் வேறு அட்டை ஏதுமில்லை. புதிய திட்டம் யாருக்காக வந்ததோ, அவருள் அவரும் ஒருவர். மச்சான் எந்த அட்டையை விடலாகாதோ, அதே காரணத்தால் மைத்துனர் இந்த அட்டையை உடனே பெற வேண்டும். ஒரே வீட்டில் ஒருவருக்கு மருந்தாவது மற்றவர்க்கு நஞ்சாகலாம். அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்து நாமும் செய்வது இதில் கூடாது.

பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் சொல்தாக்களின் குடும்பங்களுக்கும் ஒரு சொல். உங்கள் மருத்துவ உரிமைகள் பிரான்சின் சட்டங்களைச் சார்ந்தவை. போர்க் காயத்திற்கான உரிமை வேறு. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்க்கான காப்பீட்டு நிதியத்தில் சந்தா கட்டிச் சேர்வது வேறு. இந்திய வீரர்களின் விதியை உங்களுக்குப் பொருத்திப் பாராமல், நம் ஊரிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்திலேயே கேட்டுத் தெளிக.

ஆகவே, அன்புக்குரியவர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, முதியவர்க்காகப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யும்போது, வேறு அரசுத் திட்டம் உண்டா என்ற கேள்வி வரும் இடத்தில் கையை நிறுத்துங்கள். பாலிகிளினிக்கிலும் படைவீரர் நலத்துறை அலுவலகத்திலும் நேரில் கேட்டபின் தொடருங்கள்.

இரண்டாவது, தெரிவு செய்யுமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன வயது, மாதம் எவ்வளவு மருந்து, அருகிலுள்ள எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று எழுதினால், விடை தானே புலப்படும்.

மூன்றாவது, ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இ.சி.எச்.எஸ். உரிமை தொடரும். ஆனால் ஓர் எழுத்துப் பிழை அவரை மாதக்கணக்கில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கச் செய்துவிடும். கண்ணீர் காயாத நாளில் அந்த அலைச்சல் அவருக்கு வேண்டாம்.

அன்று மாலை புறப்படும்போது பெரியவர் தம் பழைய அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மகன் தம் மாமாவின் ஆதார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தீர்மானங்களில் வாய் திறவாது ஒதுங்கி நிற்கும் தாய்மார்களை, அடுத்த முறையேனும் முதலில் கேளுங்கள்.